வாய் படாமல் ஊதியவன்

மூச்சை அளக்கும் சுவாசமானியின் வாய்க்குழாய் வெள்ளை மட்டையில் செய்தது, இரண்டு விரல் பருமன். அதைக் கண்டு நடுங்கிய விளையாட்டு மாஸ்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேலணைப் பள்ளி மைதானத்தில் நான் விசில் ஊதினால் மேய்கிற மாடும் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவன் நாற்பத்தேழு வயதில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்து, உடம்பு இயங்கும் விதத்தைச் சொல்லும் முதலாம் வருட உடற்றொழிலியல் பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

செய்முறைப் பரீட்சைக்குச் சோடி சேரச் சொன்னபோது எல்லாரும் என்னைக் காணாதவர்கள்போலக் கூரையைப் பார்த்தார்கள். வகுப்பில் முதலாவதாக வரும் நெடுந்தீவுப் பிள்ளை மட்டும் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். "அண்ணை, நீங்கள் ஊதுங்கோ. நான் சேருக்கு விளங்கப்படுத்திறன்." சோடிக்கு ஒரே புள்ளி. நான் கவிழ்ந்தால் அவளுடைய முதலிடமும் கவிழும். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சோதினைக்குப் போறியளோ, பலிக்குப் போறியளோ?" என்றாள் என் மனைவி.

பரீட்சையில் மூன்று தடவை ஊத விடுவார்கள். முதல் தடவை கருவியின் முள் அசையவில்லை. இரண்டாம் தடவை கண் பிதுங்க ஊதினேன்; அப்போதும் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. விரிவுரையாளர் கருவியைத் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உயிரோடைதானே நிக்கிறியள்?" எனக்கே அதில் நிச்சயம் இல்லை. நாடி காதுக்குள் அடித்தது, உள்ளங்கை நனைந்தது, நாக்கு வறண்டது. பயத்தின் அறிகுறிகள் பாடத்தில் உள்ள வரிசைப்படியே வந்தன.

பிள்ளை குனிந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணை, இது தண்ணிச் செம்பில்லை. வாயை வையுங்கோ!"

எங்கள் வீட்டில் பொதுச் செம்பில் வாய் வைத்தால் அடி விழும். அண்ணாந்து ஊற்றித்தான் குடிக்க வேண்டும். ஆளுக்கொரு புதுக் குழாய் என்று தெரிந்தும், என் உதடு தானாகவே ஓரங்குலம் தள்ளி நின்று ஆய்வுகூடத்துக்கே காற்று வீசியிருக்கிறது. மூன்றாம் தடவை குழாயைக் கவ்விக்கொண்டு ஊதினேன். முள் துள்ளி எழும்பி ஓடியது.

"இப்ப நுரையீரல் வெறுமையோ?" பதில் சொல்ல வாயெடுத்த பிள்ளையை விரிவுரையாளர் கையால் நிறுத்தினார். "அவரைக் கேக்கிறன்."

"இல்லை சேர்," என்றேன். "முழுக்க வெறுமையெண்டால் ஈரமான பொலித்தீன் ஷொப்பிங் பை மாதிரி ஒட்டிப்போகும். பிறகு விரிக்கிறது பெரும்பாடு. எவ்வளவு ஊதினாலும் கொஞ்சக் காத்து உள்ளுக்கை நிக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே முழுப் புள்ளி போட்டார். அவளுடைய முதலிடம் தப்பியது.

இன்று அவள் அதே ஆய்வுகூடத்தில் மற்றவர்களுக்குச் செய்முறை காட்டுகிறாள். நான் பட்டதாரி மாஸ்டர். ஆனாலும் படித்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், அந்தப் பரீட்சையன்று பின்னேரம் ஏறிய பஸ்ஸைத்தான் சொல்வேன். அவள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் படகேற வேண்டும், நான் வேலணையில் இறங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்து பரீட்சைக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம். கம்பியைப் பிடித்து நின்ற வயதான அம்மா ஒருவர் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார்: "தகப்பனோ, பிள்ளை?"

"இல்லையம்மா," என்றாள் அவள். "என்னோடை படிக்கிற பொடியன்."

பொடியன் உடனே எழும்பி அந்த அம்மாவுக்கு இடம் கொடுத்தான்.