லாபம் என்று விட்ட குழி

ஊரடங்கு போட்ட வருஷம் எங்களுக்கு வேலை நின்றது. மாரமங்கலம் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை எனக்கு. ஒரு நாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து, "சொல்லி அனுப்புறப்ப வாங்க" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

அடிவாரத்திலிருந்து பஸ் மேலே வரவில்லை. நடுரோட்டில் காட்டெருமை படுத்திருந்தது. பகலிலும் ஊரில் சத்தம் இல்லை.

வீட்டில் நானும் என் மகள் செல்வியும். பிரசவத்துக்கு வந்தவள். மருமகன் திருப்பூரில் மாட்டிக்கொண்டான். ரேஷனில் இலவச அரிசி கொடுத்தார்கள். கார்டில் என் ஒரு பேர்தான். ஒரு ஆள் அரிசியைக் கஞ்சி காய்ச்சி அவளுக்கு ஊற்றினேன். எனக்குப் பசியில்லை என்பேன்.

ஒரு நாள் சட்டியைத் தள்ளிவிட்டாள். "எனக்குக் கண்ணில்லையாம்மா? நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்."

அன்றைக்கு இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ஆடியில் நூறு நாள் வேலை திறந்தார்கள். மழைத் தண்ணீர் நிற்க மேட்டில் பத்துக் குழி வெட்ட வேண்டும். நாங்கள் ஒன்பது பெண்கள் போனோம். மூத்தவள் என்பதால் கயிறு பிடித்து அளந்தது நான்.

எதை எண்ணினாலும் நாங்கள் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம். லாபம் என்போம். பிறகுதான் இரண்டு, மூன்று. அந்த லாபம் சாமிக்கு. எஸ்டேட்டில் முதல் கைப்பிடி பழத்தை மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் கூடையை நிரப்புவோம். அதே பழக்கத்தில் முதல் குழியை லாபம் என்று அளந்து, "இது சேர்வராயன் சாமிக்கு, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஒன்றாக ஒன்பது குழி வெட்டினோம். சாமி குழியில் மண் அப்படியே கிடந்தது.

வேலையைப் பார்த்துக்கொண்ட பெண் காலையில் பேர் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். கடைசி நாள் சாயங்காலம்தான் மேலே ஏறி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க பெரியம்மா, ஒண்ணு வெட்டாம கெடக்குது?"

"அது சாமிக்கு விட்டது கண்ணு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம வழக்கம் எனக்குத் தெரியுமுங்க. அளக்க வர்ற இஞ்சினியருக்குத் தெரியுமுங்களா? நாளைக்குக் காலையில வர்றாரு. பத்தும் இல்லீன்னா வேலை முடியலைன்னு எழுதிப்போடுவாரு. அடுத்த வேலை வேற ஊருக்குப் போயிருமுங்க."

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாமிக்கு விட்டதை வெட்ட ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

சேர்வராயன் மலை பனியில் தெரியவில்லை. அது இருக்கும் திசையில் நின்று கும்பிட்டேன். "நம்பிக்கையில விடலை சாமி. பழக்கத்துல விட்டேன். தப்புத்தான். எம் பொண்ணு வயித்துக்கு வழி பண்ணு."

விடிந்ததும் கடப்பாரையை எடுத்தேன். சாமி கோபம் என்னோடு போகட்டும், நானே வெட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா கூட வந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். முன்னால் போகிற ஆள் தெரியாத பனி.

பாதி மேட்டில் சத்தம் கேட்டது. மண்ணில் கடப்பாரை விழும் சத்தம். நாங்கள் வெட்டும்போது நடுநடுவே மூச்சு வாங்க நிற்போம். இது நிற்கவில்லை. ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"உன் சாமி கூலிக்கு வந்துட்டாராட்ட இருக்குது" என்று கண்ணம்மா சிரித்தாள்.

அவள் சிரித்ததும் சத்தம் நின்றது.

கண்ணம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பனி விலகும்வரை ஒன்பது பேரும் அதே இடத்தில் நின்றோம். யாரும் இறங்கி வரவில்லை. ஏறி இறங்க அந்த ஒரே பாதைதான்.

மேலே போய்ப் பார்த்தோம். சாமி குழி வெட்டியிருந்தது. நான்கு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. மண் பள்ளத்துப் பக்கம் ஏற்றியிருந்தது, நாங்கள் ஏற்றுகிற மாதிரியே. சுற்றிலும் ஈர மண். ஒரு காலடி இல்லை.

இஞ்சினியர் வந்து டேப் பிடித்தார். "மத்ததையும் இதாட்ட வெட்டியிருக்கலாமே. யாரு வெட்டுனது?"

பேர் எழுதுகிற பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "எல்லாருந்தானுங்க சார்" என்றாள்.

அடுத்த வேலையும் எங்கள் ஊருக்கே வந்தது. கூலியில் அரிசி வாங்கினேன். செல்வியும் நானும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தோம். ஆவணியில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் நலம்.

சுற்றுப்பட்ட ஊர் ஆண்களை எல்லாம் விசாரித்தேன். வெட்டினேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கரடியூர் வரை கேட்டாயிற்று. பிறகு கேட்பதை விட்டேன். தடை எடுத்ததும் சேர்வராயன் மலைமேல் இருக்கிற குகைக் கோயிலுக்கு நடந்தே போய்த் தேங்காய் உடைத்தேன். அதற்கு முன்னால் எனக்குச் சாமி திருவிழாவோடு சரி. இப்போது தினமும் காலையில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். பேரக்குழந்தையும் பார்த்துக் கை கூப்புகிறது.

அரிசியும் வேலையும் அரசாங்கம் கொடுத்தது. அதை மறுக்கவில்லை. அந்த வேலை கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் கேளுங்கள். செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும். கிடைக்கிற நேரத்தில் பயமாகத்தான் இருக்கும். கும்பிட்டுவிட்டு அப்படியே நில்லுங்கள். கிட்டே போய் முகத்தைப் பார்க்க வேண்டாம்.