கார் போகும் என்று எழுதியவன் நான்

பங்குனி மூன்றாம் ஞாயிறு அன்று படாளத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போய்வந்தேன். நான்கு நாள் ஆகிறது, இன்னும் வயிறு எரிகிறது. ஆறட்டும், பிறகு இந்தத் தளத்தில் எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

போன காரணம் சிறு ஆலா என்ற கடற்பறவை. மைனா அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு. இந்தப் பருவத்தில் கழிமுகத் திட்டுகளில் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். கூடு என்று ஒரு குச்சிகூட வைக்காது. முந்தைய ஞாயிறு ஒரு திட்டில் ஐந்து குழிகளை எண்ணினேன். சந்தோஷம் தாங்காமல் படத்தையும் இடத்தையும் எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குஞ்சு பொரிக்க மூன்று வாரம் ஆகும். நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

காலை 4.50க்கு பைக்கை எடுத்தேன். செங்கல்பட்டு 15 கி.மீ., அங்கிருந்து திருக்கழுக்குன்றம் 14, மாமல்லபுரம் இன்னும் 15. பெட்ரோல் 250 ரூபாய்க்குப் போட்டால் போய்வரத் தாராளம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் 5.55க்கு நிறுத்தினேன். நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. வடக்கே கிளம்ப மனமில்லாமல் ஊசிவால் வாத்துகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. மின்கம்பியில் வரிசையாகப் பஞ்சுருட்டான்கள். டீ 15 ரூபாய், நல்ல டீ. பயணம் அந்தக் கடையோடு முடிந்திருக்கலாம்.

7.20க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மண்பாதையில் இறங்கினேன். எந்த ஊர், எந்தப் பாதை என்று இந்த முறை எழுதப்போவதில்லை.

திட்டின் மேலேயே இரண்டு கார்கள் நின்றன. ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு முக்காலி, முழங்கை நீள லென்ஸ். ஆலாக்கள் அவர்கள் தலைக்கு மேலே கத்திக்கத்திப் பறந்தன. ஒருவர் ராணுவத்தார் போடும் பச்சைப் புள்ளிச் சட்டை போட்டிருந்தார். தலைமேல் கத்துகிற பறவையிடமிருந்து ஒளிந்துகொள்ளவாம். குத்துக்காலிட்டு, முட்டைகளைச் சுற்றிக் கிடந்த கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். படம் 'கிளீனா' வர வேண்டுமாம்.

இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பூங்காவனம் என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். போன வாரம்தான் பழக்கம்.

"ஆறு மணிக்கே வந்துட்டாங்க சார். நானும் கத்திகினே கீறேன், ஒருத்தரும் காதுல வாங்கல. அது தண்ணில வயித்த நனைச்சிகினு போயி முட்டை மேல குந்தும், தெனம் பாக்குறேன். இன்னிக்கு கீழயே எறங்கல. வெயில் ஏறிச்சின்னா முட்டை வெந்துபூடும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நேரே பச்சைச் சட்டையிடம் போய், "இந்த இடத்தை உங்களுக்கு எவன் சார் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தபடி போனை நீட்டினார். "நீங்கதானே சார்? வேற குரூப்ல வந்துச்சு. ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு, தேங்க்ஸ்."

என் பெயரோடு என் செய்திதான். 'சாலையிலிருந்து 1.3 கி.மீ. மண்பாதை. திட்டு வரை கார் போகும். காலை 7 முதல் 9 வரை வெளிச்சம் அருமை.' புள்ளி வைத்த தூரம் வரை சரியாக எழுதியிருந்தேன், பாவி.

அதற்குள் பூங்காவனம் கரையேறி வந்திருந்தார். "நீதான் சொன்னியா சார்? இன்னா அவசரம் உனுக்கு? பொரிச்சி பறந்தப்பறம் சொன்னா ஆவாதா?"

இருந்த கோபத்தையெல்லாம் படமெடுக்க வந்தவர்கள் மேல் கொட்டினேன். "ரெண்டே ஷாட் சார்" என்றவரின் லென்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அசிங்கமாகத்தான் இருந்தது. கடைசிக் கார் நகர 8.50 ஆயிற்று. அது எதையும் நசுக்காமலிருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டே அதற்கு முன்னால் நடந்தேன். ஐந்தில் இரண்டு குழிகள் ஏற்கெனவே டயர் தடத்துக்குள் இருந்தன. மணலில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

பூங்காவனமும் நானும் இருநூறு தப்படி தள்ளிக் கரையில் உட்கார்ந்தோம். 9.15க்கு ஓர் ஆலா தண்ணீரைத் தொட்டு வந்து முட்டைமேல் அமர்ந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது குழிக்கு உரியது நான் கிளம்பிய 10.30 வரை சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

இனி போகிறவர்களுக்கு: ஏரிக்கரை நாரைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், போங்கள். கழிமுகத் திட்டில் வைகாசி முடியும்வரை கால் வைக்காதீர்கள். ஒரு பறவை உங்கள் தலைக்கு மேலே கத்தினால் அதன் வீட்டுக்குள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே திரும்புங்கள். படம் வேண்டுமென்றால் காக்கையை எடுங்கள். இடத்தைப் பகிர்கிறவனை, நான் உட்பட, நாலு வார்த்தை திட்டுங்கள்.

என் செய்தியை எல்லாரும் அழித்துவிடுங்கள் என்று அன்றே குழுவில் கேட்டுக்கொண்டேன். என்ன பயன்? நேற்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அதே செய்தி எனக்கே வந்தது. கூடவே ஒரு கேள்வி: 'சார், இந்த ஸ்பாட்டுக்கு நிஜமாவே கார் போகுமா?'

எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தளத்தில் ஒரு தூரத்தையோ ஒரு பாதையையோ நான் தெரிந்தே தவறாகச் சொன்னதில்லை. 'போகாது' என்று பதில் அனுப்பினேன்.