பதினைந்து நாள் கரண்டு

இதை நான் கட்டி எழுதவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தேதியும் மணியும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்திருக்கிறேன், இடது கையால், கோழி கிளறிய மாதிரி. பேய் என்றால் நடுராத்திரியில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில்.

பதினான்கு வயதில் அண்ணனின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். தலையில் அடி. உயிர் தப்பியது, வலது கை தப்பவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை. வகுப்பில் 'ஒத்தக்கை' என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டேன். மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். மூளையில் கையை ஆட்டி வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, மண்டைக்கு வெளியிலிருந்தே, எறும்பு கடிக்கிற அளவு மின்சாரம் கொடுப்பார்கள். வெட்டு இல்லை, ஊசி இல்லை. அது ஓடும்போதே கையைப் பழக்கினால் மூளை புது வழி போட்டுக்கொள்ளுமாம். பதினைந்து நாள். கடைசி நாள் அளவெடுப்பார்கள். தேறினால் எழுதப் பழக்குவார்கள். தேறாவிட்டால்... "இதோட ஆஸ்பத்திரி போதும், இருக்கிற கையை வெச்சுப் பொழைச்சுக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டார்.

முதல் நாள் தெரபிஸ்ட் அக்கா உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளை என் தலையில் வைத்துப் பட்டை கட்டினாள். ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது.

"பாட்டு ஏதாவது கேக்குதா?" என்றான் அண்ணன்.

"வெளிய இருங்க தம்பி. பேஷண்ட் தவிர உள்ள யாரும் இருக்கக் கூடாது."

"போறேன்க்கா. இவ பல்பு மாதிரி எரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க."

மேசையில் ஒரு பலகை. ஒன்பது ஓட்டை, ஒன்பது குச்சி. மேல் வரிசையில் இடப்பக்கம் தொடங்கி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மேலே ஒரு கேமரா. அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே 4:05க்குப் பெட்டியை முடுக்கினாள். தலை குறுகுறுத்தது. இருபது நிமிடத்தில் மூன்று குச்சி போட்டேன். மீதி ஆறும் தரையில்.

நாலாம் நாள், 4:07. மணிக்கட்டில் ஈரம். ஸ்பாஞ்சு சொட்டுகிறது என்று நினைத்துத் துடைத்தேன். கை காய்ந்துதான் இருந்தது. அன்று ஐந்து குச்சி.

ஆறாம் நாள், 4:07. மறுபடி ஈரம். கூடவே சில்லிப்பு. என் கை பலகையின் கீழ் வரிசைக்குப் போனது. வலது ஓரத்திலிருந்து செருகத் தொடங்கியது. நான் அப்படிப் பழகியதே இல்லை.

"ஏன் தலைகீழாப் போடறே?" மைக்கில் அக்கா.

"நான் போடலக்கா."

"பின்ன யாரு, நானா?"

ஞாயிற்றுக்கிழமை. அன்று சிகிச்சை கிடையாது. வீட்டில் படுத்திருந்தேன். 4:07... வலது கை தானாக எழுந்தது. காற்றில் எதையோ எடுத்தது. காற்றில் செருகியது. டக்... டக்... ஒன்பது முறை கேட்டது. அங்கே பலகையும் இல்லை, குச்சியும் இல்லை.

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் துணி மாதிரித் தொங்கிய கை. அப்போது எட்டிப் பார்க்காத யாரோ, அசையத் தொடங்கியதும் பங்குக்கு வருவதா?

பதினோராம் நாள். 4:07. ஈரம் பட்டதும் விரல்களை இறுக மூடிக்கொண்டேன்.

அது சுண்டுவிரலைப் பிரித்தது.

அடுத்து மோதிர விரல்...

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் கேட்காதபடி சொன்னேன்.

"இது என் கை. கத்துக்குடுக்கிறதா இருந்தா குடு. எடுத்துக்கலாம்னு நெனச்சா நடக்காது."

பிரிப்பது நின்றது...

பிடி மெல்ல இளகியது.

நடுவிரலை நானே பிரித்தேன். மேல் வரிசை. இடப்பக்கம்.

டக்.

பதினைந்தாம் நாள் ஒன்பது குச்சியையும் முப்பத்தெட்டு நொடியில் போட்டு முடித்தேன். வெளியே காத்திருந்த அண்ணன் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஈரமோ சில்லிப்போ அன்று இல்லை. முழுக்க முழுக்க நான்தான் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10:20க்கு அக்கா போன் செய்தாள்.

"ஆராய்ச்சி லிஸ்டை இன்னிக்குத்தான் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு நிஜக் கரண்டு, மீதிப் பேருக்குச் சும்மா பாவ்லா. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாம வெச்சிருந்தாங்க. உனக்கு... மொதல் முப்பது செகண்டுக்கு மேல கரண்டே போகலம்மா."

போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணு. வீடியோவை வேற ஊர்ல ரெண்டு பேர் பாத்து மார்க் போடுவாங்க. ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் பதினஞ்சு நாளுக்கும் ஒரே விஷயத்தை எழுதியிருக்காங்க. யாரோ பின்னாலேர்ந்து கை நீட்டி உன் மணிக்கட்டைப் பிடிச்சிருக்காங்களாம். விதிமீறல், மார்க்கைத் தள்ளணும்னு." அக்காவின் குரல் தேய்ந்தது. "நானும் போட்டுப் பாத்தேன். இருக்கும்மா... கை இருக்கு. ஆனா உன் நாற்காலி செவத்தோட ஒட்டித்தானே போட்டிருந்துச்சு?"

ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல்தான் போட்டிருந்தது.

"தள்ளட்டும்க்கா" என்றேன். "நான் வந்து மறுபடி போடறேன்."

மறுநாள் போனேன். ஸ்பாஞ்சு இல்லை, பெட்டி இல்லை. பலகை மட்டும். அக்கா நாற்காலியை அறையின் நடுவில் இழுத்துப் போட்டிருந்தாள். கதவை விட்டு உள்ளே வரவில்லை.

நான் மேசையைத் தள்ளினேன். நாற்காலியைப் பிடித்து இழுத்துப் போய், பழையபடி சுவரோடு சேர்த்துப் போட்டேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கேமராவை ஆன் பண்ணுங்கக்கா."