மூன்று முழ வாசல்

திருப்பத்தூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். தேவயானியைப் போல ஒரே கேள்வியை ஏழு முறை கேட்டு உயிரை எடுத்தவர் யாரும் இல்லை.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருடமாகச் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு இன்டர்வியூவில் தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் இனி மலையிறங்க விடமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த மூன்றாவது, வேலூரில் ஒரு வி.ஆர். நிறுவனத்தில். தலையில் கண்ணாடியை மாட்டினால் வேறோர் இடத்துக்குள் நிற்பது போலத் தோன்றுமே, அந்த வேலை. தெரிந்த இடம் ஒன்றை அப்படிக் கண்ணாடிக்குள் தெரியும்படி பத்து நாளில் செய்துகொண்டு வர வேண்டும். அதைக் கட்டும் மென்பொருளான கேம் இன்ஜின் எது என்பது அவரவர் விருப்பம்; அன்ரியல், யூனிட்டி, கோடாட் என்று பல உண்டு. அந்தக் கண்ணாடியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"ஷோபனாக்கா, அன்ரியல்னா அழகா வருமாமே?"

"உன் லேப்டாப் தாங்காதுடி."

"யூனிட்டி? அதுக்குப் பாடம் நெறைய கீதாமே?"

"கீது. அது டவுன்லோடு ஆவறதுக்குள்ள உங்க மலைக்குப் போற ஜீப்பு போய்டும்."

"அப்ப கோடாட்டா? இத்தினூண்டு கீதே, வேலைக்கு ஆவுமாக்கா?"

ஜீப் ஹாரன் அடித்தது. எரிச்சலில் கோடாட்டைப் பென் டிரைவில் போட்டு அவள் கையில் திணித்தேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். தப்பானதைக் கொடுத்துவிட்டேனோ? மேலே சிக்னல் கிடையாது. வேறொன்றுக்கு மாற்ற நினைத்தாலும் முடியாது. பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்தில் என்னையும் வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் செய்திருந்தது அவள் வீட்டைத்தான். மேலாளர் கோகுலகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டியதும் இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னாம்மா இது, உங்க வூடா, வேலூர் கோட்டையா? வாசல் இம்மாம் உசரம் கீது!"

தேவயானியின் முகம் வெளுத்தது. போச்சு, இன்ஜினால்தான் போச்சு என்றே நினைத்தேன்.

"எதுல அளந்தீங்க?"

"டேப் இல்லீங்க சார். கையால மொழம் போட்டேன். வாசல் மூணு மொழம். அதான் மூணுன்னு போட்டேன்."

"இதுல ஒண்ணுன்னா ஒரு மீட்டர்மா." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தான்.

"ரெண்டு நிமிசம் குடுங்க சார்." கோடாட்டில் உலக அளவு என்று ஒரு கட்டம் உண்டு; நிஜத்தில் ஒரு மீட்டர் என்பது உள்ளே எத்தனை என்று அதில் சொல்லலாம். வியர்த்த விரலோடு அதில் இருந்த ஒன்றை அழித்துவிட்டு இரண்டு புள்ளி இரண்டு என்று போட்டாள். ஒரு மீட்டருக்கு இரண்டேகால் முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, மனக்கணக்குதான்.

"இப்ப நீங்களே மாட்டிப் பாருங்க," என்றார் மேலாளர்.

முதல் தடவையாக மாட்டிக்கொண்டாள். வெறும் அறையில் மெதுவாக நான்கு எட்டு வைத்தாள். சட்டென்று இடுப்பை வளைத்துக் குனிந்து, ஓர் அடி எடுத்து வைத்து நிமிர்ந்தாள்.

"எதுக்கும்மா குனிஞ்சீங்க?"

"வாசல் நெல தலையில இடிக்குமே சார்."

அளவுகளை இனிமேல் மீட்டரில்தான் போட வேண்டும், ஒன்றாம் தேதி வந்து சேருங்கள் என்றார் அவர். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கண்ணாடியைக் கழற்றாமலே, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து எட்டாவது முறையாகக் கேட்டாள்:

"அக்கா, சரியான இன்ஜினைத்தானே எடுத்தோம்?"