மச்சான் பிடித்த வடம்

சீரங்கன் மகன் நேற்று ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்து கொடுத்தான். மூடி இறுகவில்லை, எறும்பு வந்துவிடுமோ என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை மோந்தும் பார்த்தேன். நல்ல தேன்தான், பெட்டியில் வளர்த்த தேனீயினுடையது. ஆனால் புகை வாசனை இல்லை.

அவன் அப்பன் சீரங்கன் எடுத்த தேனில் அந்த வாசனை இருக்கும். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு நான் விவசாய ஆபீஸ் வேலையாக வந்த புதிதில், அவன் தேனெடுப்பதைப் பார்க்கப் போனேன். செங்குத்துப் பாறையில் மலைத்தேன் கூடுகள் தொங்கின. வழக்கம்போல் எண்ணினேன்: பதினேழு.

“எண்ணாதீங்க சார், அதுங்க கோவிச்சுக்கும்” என்றான் சீரங்கன்.

அவனிடம் இருந்தவை மூங்கிலைச் சீவிய கத்தி, பச்சை இலை சுற்றிய புகைப்பந்தம், ஒரு சுரைக்குடுவை, காட்டுக்கொடியை முறுக்கிய வடம். இரும்பு என்று ஒரு ஆணிகூட இல்லை. இவ்வளவையும் காடே கொடுத்திருந்தது.

வடத்தை மேலே பிடிப்பவன் இறங்குகிறவனின் மச்சானாக, அதாவது பெண் கொடுத்தவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் தங்கையின் தாலியை அவன் கைநழுவ விடமாட்டான் அல்லவா? ஆனால் மச்சான் வெள்ளையனுக்கும் சீரங்கனுக்கும் பேச்சே கிடையாது. வெள்ளையன் மரத்தில் சீரங்கனின் மிளகுக்கொடி ஏறிவிட்ட தகராறு. காலையில் சீரங்கன் மனைவி பொன்னி அண்ணனிடம் போய், “நீ பேச வேண்டாண்ணா. புடிச்சாப் போதும்” என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தாள்.

பேச்சு தேவைப்படவும் இல்லை. வடத்தை ஒருமுறை இழுத்தால் ‘இறக்கு’, இரண்டு இழுத்தால் ‘நிறுத்து’, மூன்று என்றால் ‘தூக்கு’. சீரங்கன் விளிம்புக்குக் கீழே மறைந்தான். வெள்ளையன் வடத்தை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பாறையில் கால் ஊன்றிப் பிடித்திருந்தான்.

திடீரென்று காற்று திரும்பியது. புகை ஒரு பக்கம் போக, தேனீக்கள் மேலே வந்து வெள்ளையன் முகத்தில் அப்பின. நான் தோளில் கிடந்த கம்பளிக்குள் புகுந்துகொண்டு, “கொடுப்பா, நான் கொஞ்சம் பிடிக்கிறேன்” என்று ஒரு கையை மட்டும் நீட்டினேன்.

“தொடாதீங்க சார்! பொண்ணு குடுத்தது நானுங்க!”

ஒரு ஈயைத் தட்ட ஒரு கை போதும். அந்த ஒரு கையையும் அவன் வடத்திலிருந்து எடுக்கவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. கொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நான் எங்கோ எண்ணிக்கையை விட்டுவிட்டேன். வடம் மூன்று முறை அசைந்தது. குருடனைப் போல அவன் இழுத்தான், முழம் முழமாக, ஒரு குலுக்கல் இல்லாமல்.

மேலே வந்த சீரங்கன் மச்சான் முகத்தைப் பார்த்தான். வெகுநாள் கழித்துப் பேசினான்.

“ஏனுங்க மச்சான், தேனெடுத்தது நானு. கொட்டு பூரா நீங்களே வாங்கிக்கிட்டீங்களா?”

“மொளகுக்கொடிய மொதல்ல அவுத்துட்டுப் போ மாப்ள. அது இன்னம் எம்மரத்துலதான் கெடக்குது.”

இருவரும் இப்போது இல்லை. பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய மகனிடம், பாறைத்தேன் எடுக்க இப்போது ஏன் யாரும் இறங்குவதில்லை என்று கேட்டேன். நைலான் கயிறுதான் கடைக்குக் கடை தொங்குகிறதே.

“எறங்க நா இருக்கறனுங்க சார். புடிக்கற மச்சானுங்கதான் மூணு பேரும் திருப்பூர்ல இருக்கறாங்க.”