ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஓடுவது என்றால் லாரி ஓட்டுவதுதான். "இப்ப எந்த லைன்ல ஓடறீங்க?" என்று கேட்டால் பம்பாய் என்றோ கல்கத்தா என்றோ பதில் வரும். அதனால்தான் சேலத்தில் அந்த டாக்டரம்மா, "நீங்க தினமும் ஓடறதுண்டா?" என்று கேட்டபோது, "ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நான் ஸ்டியரிங்கைத் தொட்டே அப்போது இருபது நாளாகியிருந்தது. வாய்ப்பழக்கம், வேறென்ன. டாக்டரம்மா மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி என் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சும்மாவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று பயத்தில் வேறு இருந்ததால் இன்னும் சீக்கிரம் வந்தது.

பயம் வந்த கதை இதுதான். பெங்களூரில் முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கணவாய் இறக்கத்தில், நல்ல மத்தியானத்தில், என் நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூச்சு பாதியிலேயே நின்றுகொண்டது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். எப்படியோ ஓரங்கட்டினேன். கூட வந்த இன்னொரு டிரைவர்தான் வண்டியை ஊர் சேர்த்தார். அதற்குப் பிறகு கேபினில் ஏறி உட்கார்ந்தாலே, சாவியைத் திருப்புவதற்கு முன்பே, அதே அடி, அதே வியர்வை. இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அதுவும் போனால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. "நெஞ்சு வேகமா அடிச்சாலே சாவு வருதுன்னு உங்க உடம்பு நெனச்சுக்குது. கொஞ்சம் கொஞ்சமா ஓடுங்க. அடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு அதுவே பார்த்துக் கத்துக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. முதலில் ஒரு கம்பம் தூரம் ஓட்டம், இரண்டு கம்பம் தூரம் நடை. கரண்டு கம்பத்தை எண்ணிக்கொண்டு ஓடுவதெல்லாம் ஒரு வைத்தியமா என்று திரும்பும் வழி முழுக்க, கூட வந்திருந்த மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் மறுநாள் விடியலில் எழுந்து போனேன். பயந்தவன் எதையும் செய்வான். லுங்கியை மடித்துக் கட்டி, மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போகிற ரோட்டில் ஓடினேன். மூன்றாவது கம்பத்தைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. பால்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா? ஏறுங்க, கொண்டுபோயி உடறேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வயசு போன ஆள் விடிந்தும் விடியாமலும் ஓடுகிறான் என்றால், ஒன்று வீட்டில் சாவு, இல்லையென்றால் யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள். சும்மா ஓடுகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "மாடு கவுத்த அத்துக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

மாட்டுக்காரரிடம் போய் மாட்டுப் பொய் சொன்னது என் புத்தி. விடுவாரா? என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குச்சிக்கிழங்குக் காடு, சோளக்காடு ஒன்று விடாமல் தேடினார். கடைசியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "மாடு சிக்கலீங்கக்கா, எங்கயும் போவாது, வந்துரும்" என்று என் மனைவிக்கு ஆறுதல் சொன்னார். "எங்களுக்கு ஏதுங்க மாடு?" என்றாள் அவள். பிறகு விஷயம் புரிந்து, வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கணவாயில் வண்டி நின்ற நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காகவே நாளையும் ஓடலாம் என்று தோன்றியது.

இரண்டு மாதம் போனது. நடையை விட ஓட்டம் கூடியது, பிறகு கம்பங்களை எண்ணுவதே மறந்துபோனது. அந்த நேரத்து ரோட்டை இப்போது நினைத்தாலும், நிஜமாகவே அங்கே இருந்தேனா, கனவில் பார்த்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. கோழிப்பண்ணைகளில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் எரியும். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றாக முனகுகிற சத்தம் ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் போகும். கிழக்கே கொல்லிமலை இருக்கிற இடத்தில் மலை இருக்காது, வெறும் வெண்மைதான் இருக்கும். நான் நகர்கிறேனா, ரோடு நகர்கிறதா என்று தெரியாது. லாரியில் இருக்கும்போது இதே ரோட்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அப்போதெல்லாம் வேகத்தடையும் போலீசும்தான் கண்ணில் படும். காலால் போகும்போதுதான் ஏரித் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு என்றும், விடிவதற்குச் சற்று முன்னால் காற்று ஒரு நிமிடம் நின்றுவிடும் என்றும் தெரிந்தது.

அப்படி ஒரு காலையில் ஏரிக்கரை மேட்டில் ஏறி ஓடும்போது, கணவாயில் அடித்த அதே அடி நெஞ்சில் வந்தது. அதே வேகம். கை தானாக மார்பைப் பிடித்தது. நின்றேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஓடிப்போக இடமும் இல்லை, சரி, நடப்பது நடக்கட்டும் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, என் நெஞ்சு அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க அது மெல்ல மெல்ல இறங்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. தண்ணீரில் கொக்குகள் வந்து இறங்கின. என் நெஞ்சு ஒரு நாளும் என்னைக் கொல்லப் பார்க்கவில்லை, மேடு ஏறியதற்கு உழைத்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், மடித்துக் கட்டிய லுங்கியோடு, கரையில் நின்று நன்றாக அழுதேன்.

அதற்குள் உடம்பும் மாறியிருந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. இருபது வருடமாக என் கூடவே வந்த இடுப்புவலி குறைந்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்றாள் மனைவி.

நாலாவது மாதம் முதலாளி கூப்பிட்டார். பெங்களூர் லோடு. போகும்போது ஏற்றம், கவலையில்லை. வரும்போது அந்த இறக்கம் இருக்கிறது. "நானும் வாரேன்" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து லாரியில் ஏறாதவள். வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவள் அதற்குள் சோறு கட்டிவிட்டாள்.

திரும்பும்போது அதே மத்தியான நேரம். முதல் வளைவிலேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை வியர்த்தது. கியரைக் குறைத்தேன். ஏரிக்கரையில் நின்ற மாதிரியே அதைக் கேட்டுக்கொண்டு, வண்டியை மட்டும் மெதுவாக விட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது வளைவு போனது. மூன்றாவதும் போனது.

"ஏனுங்க, அடிக்குதுங்களா?" என்றாள்.

"அடிக்குது கண்ணு. அடிச்சா அடிக்கட்டும்."

அவள் என் இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். என்னுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா இப்படி, சாமி?" என்றேன்.

"நீங்க வண்டிய ஓரங்கட்டுன அன்னிக்கிருந்துங்க" என்றாள். "படுத்தா மூச்சே உட முடியறதில்ல. நீங்களே பயந்து கெடந்தீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தேன். இன்னும் நாலைந்து வளைவுகள் இருந்தன.

"ஊருக்குப் போனதும் நானும் ஓட வாரேனுங்க" என்றாள்.

"வா. ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கலாம்" என்றேன்.