மதலைமுத்துவின் இரண்டாவது நாற்காலி

தருமபுரிப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதன் மைதானத்துக் கோடியில் பந்துகள் வைக்கிற அறை ஒன்று உண்டு. மதலைமுத்து தம்பி பல வருடம் அந்த அறையில்தான் குடியிருந்தார். காற்று இறங்கிய பந்துகள், சுண்ணாம்பு மூட்டை, ஒரு பாய், சுவரில் சகாய மாதா படம். விடுதிச் சமையலறையிலிருந்து நான் சாப்பாடு அனுப்பினால் சாப்பிடுவார். மறந்துவிட்டால் வந்து கேட்க மாட்டார்.

அவர் கம்பைநல்லூர்க்காரர். உழுது பிழைக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் மாதா கோயில் சாமியார் ஒருவர் நட்டுவைத்த கம்பத்தில் கூடைப்பந்து போட்டுப் பழகி, அந்த விளையாட்டை வைத்தே கல்லூரியில் இடம் வாங்கியவர். கூட ஆடியவர்கள் படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். உயரமாக இருந்தவனை ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் போலீசுக்குப் போனான், ஒருவன் பேங்குக்குப் போனான். இவருக்குக் கடைசி வருடம் முழங்கால் போய்விட்டது. அந்தக் காலுக்கு வேலை கொடுக்க யாரும் வரவில்லை.

கல்லூரியில் விளையாட்டுக்கு டைரக்டராக இருந்தவர் ஞானராஜ் சார். அவர்தான் மனசு இளகி, "ஊருக்குப் போயி என்னடா பண்ணப் போற? எங்கூடவே இரு" என்று நிறுத்திக்கொண்டார். ஆபீசில் அந்த வேலைக்குப் பெயர் மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், கிழிந்த வலையை முடிந்து கட்ட வேண்டும். நடுவில் மெட்ராசுக்குப் போய் உடற்கல்விப் படிப்பும் படித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவரை அசிஸ்டென்ட் கோச் என்றார்கள். சம்பளம் மட்டும் மார்க்கர் சம்பளமாகவே இருந்தது.

பந்தயம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே இரண்டு நாற்காலி போடுவார்கள். முதல் நாற்காலி கோச்சுக்கு, இரண்டாவது அசிஸ்டென்டுக்கு. கோச் எழுந்து கத்தலாம், கையை ஆட்டலாம். அசிஸ்டென்ட் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஞானராஜ் சார் வைத்த பழக்கம்.

"ரெண்டு பேரும் கத்துனா பசங்க யாரு சொல்றதக் கேப்பானுங்க? உனக்குத் தோணுறத எங்காதுல சொல்லு. நான் தலையாட்டுனா போயிச் செய்யி" என்பார்.

மதலைமுத்து அப்படியே செய்தார். எந்தப் பையனுக்கு மூச்சு வாங்குகிறது, எவன் ஒரு காலை ஊன்றப் பயப்படுகிறான் என்று கண்டுகொள்வார். சார் காதுப் பக்கம் குனிந்து, "சார், ஏழாம் நம்பர மாத்தலாங்களா?" என்று கேட்பார். சார் தலையசைத்தால் எழுந்து, ஸ்கோர் எழுதுகிறவர்களின் மேசைக்குப் போய் ஆளை மாற்றச் சொல்வார். அசைக்காவிட்டால் உட்கார்ந்தபடியே இருப்பார். ஜெயித்துவந்தால் கோப்பையோடு சார் படம் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் இவர் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சார் மேல் அவ்வளவு பிரியம்.

எண்பத்து நாலாம் வருடம் ஞானராஜ் சாருக்குக் கோயம்புத்தூரில் பெரிய வேலை கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றும்போது மதலைமுத்துதான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் வர்றனுங்க சார்."

"அங்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கறான்டா. நீ ஏன் இன்னும் எம்பின்னாடியே நிக்கற? செக்ரட்டரிகிட்டச் சொல்லிட்டன். இந்த வருசம் டீம நீ பாத்துக்க. நல்லாப் போச்சுன்னா போஸ்ட் உனக்குத்தான்."

கல்லூரி செக்ரட்டரியும் ஒத்துக்கொண்டார். மண்டலப் போட்டி முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த வேலையை நம்பி இன்னொன்றும் நின்றது. கடத்தூரில் ராஜமேரி என்று ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதவர்.

"மார்க்கர்னா என்னங்க வேலை அது? பொண்ணக் குடுத்தா பந்து ரூம்லயா வூடு வெப்பீங்க?"

"இல்லீங்க மாமா. கோச் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க."

"அப்ப ஆயிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிக்கச் சொல்றன்."

எங்கள் கத்தோலிக்கரில் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பேரை ஓலை வாசித்த பிறகுதான் தாலி. அந்த ஓலைக்கு இந்த வேலை ஒன்றுதான் குறுக்கே இருந்தது. புறப்படும்போது ராஜமேரி வாசலில் நின்று, "மழ பேஞ்சா அந்த ரூம் ஒழுகுமுங்களா?" என்று கேட்டாளாம். "ஓரத்துல மட்டுந்தான்" என்றாராம் இவர். "அப்ப நடுவுல படுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடிவிட்டாள். இதை என்னிடம் சொல்லும்போது மதலைமுத்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த வருடம் பிள்ளைகளைக் கருக்கலிலேயே எழுப்பி ஓடவிட்டார். முனிராஜ் என்று ஓசூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல உயரம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அவனை வைத்துத்தான் டீம். சின்னப் பந்தயங்களில் எல்லாம் சுலபமாக ஜெயித்தார்கள். மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. செக்ரட்டரி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் எலுமிச்சம்பழத் தண்ணீர் அண்டாவோடு பிள்ளைகளின் பெஞ்சுக்குப் பின்னால் இருந்தேன்.

மதலைமுத்து வழக்கம்போல இரண்டு நாற்காலிகளையும் போட்டார். போட்டுவிட்டு இரண்டாவதில் உட்கார்ந்தார்.

பெஞ்சில் இருந்த ஒரு பையன், "சார், அந்தச் சேர்ல யாருங்க சார் வர்றாங்க? கலெக்டருங்களா?" என்றான்.

"சும்மா இருடா."

"அப்ப நான் ஒக்காந்துக்கட்டுங்களா சார்? காலு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே போய் அதில் உட்கார்ந்தான்.

"எந்திரிடா அங்கருந்து!"

அவர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. பையன் துள்ளி எழுந்து பெஞ்சுக்குத் திரும்பினான்.

ஆட்டம் நம் பக்கம்தான் இருந்தது. இந்த விளையாட்டில் ஒரு ஆள் ஐந்து தப்பு செய்தால் வெளியே போய்விட வேண்டும், திரும்ப வர முடியாது. முனிராஜ் நான்கு செய்துவிட்டான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பையன் களைத்துவிட்டான், கை தானாக எதிராளி மேல் விழுகிறது. எனக்கே அது தெரிந்தது. கொஞ்ச நேரம் அவனை உட்காரவைத்து, மூச்சு வாங்கவிட்டுத் திரும்ப இறக்கினால் போதும்.

மதலைமுத்துவும் பார்த்துவிட்டார். அவர் பார்க்காமல் இருப்பாரா? காலி நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"சார், முனிராஜ எடுத்துரலாங்களா?"

மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். கண் ஆட்டத்தின் மேலேயே இருந்தது, தலை மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துப் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

விசில் அடித்தது. ஐந்தாவது தப்பு. முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தான். அதற்குப் பிறகு ஆட்டம் எங்கள் கையில் இல்லை.

தோற்று முடிந்த பிறகு முனிராஜ் அழுதுகொண்டே, "ஏன் சார் என்னயக் கூப்புடல? உங்களுக்குத் தெரியுந்தான சார்?" என்றான்.

"தெரியுண்டா" என்றார். பந்துகளை எண்ணிப் பையில் போட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் சமையலறைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கேட்டனுங்க அக்கா. பதிலு வரல" என்றார். யாரிடம் கேட்டாய் தம்பி என்று நான் கேட்கவில்லை. சொம்பைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

செக்ரட்டரி கோபப்படவில்லை. "நீங்க நல்ல மனுசன், மதலைமுத்து. மேல ஒருத்தர் இருந்தாருன்னா தங்கமா வேல செய்வீங்க. அப்படி ஒருத்தரப் போட்டுர்றன்" என்றார். ஏசியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடத்தூருக்கு வேறு ஆளை அனுப்பாமல் தாமே போய், வேலை கிடைக்கவில்லை என்று சொன்னார். பெண்ணின் அப்பா, "சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தார். ராஜமேரிதான் பரிமாறினாளாம். ஈஸ்டர் முடிந்து சில வாரத்தில் கடத்தூர்க் கோயிலில் அவள் பேரைப் பெங்களூர் மாப்பிள்ளை ஒருவரின் பேரோடு ஓலை வாசித்தார்கள். அந்தப் பூசையில் மதலைமுத்து கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருந்ததை எங்கள் கோயில் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். ஏன் போனார் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

புது டைரக்டர் வந்தார். இள வயது, மரியாதையான பிள்ளை. "அண்ணே, நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று கேட்டுக்கொண்டார். அதே சமயத்தில் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் எப்போதோ பதிந்து வைத்ததற்கு அழைப்பு வந்தது. ஏரியூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலை.

"அங்க பேஸ்கட்பாலே கெடயாதேப்பா" என்றேன்.

"கெடயாதுங்க. கபடியும் கோ-கோவுந்தான்."

"பின்ன எதுக்குப் போற? இந்தப் பந்தத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"அங்க நான் ஒருத்தன்தானுங்க அக்கா. நான் சொல்லலன்னா நடக்காது. அதுக்குத்தான்."

பாயையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை வருடம் கழித்து, பென்னாகரத்தில் ஒரு துக்கத்துக்குப் போனவள் அப்படியே ஏரியூருக்கும் பஸ் ஏறினேன். ஓட்டு வீடு, ஒற்றை அறை. களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தார். களி கெட்டியாக இருந்தது, கீரையைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பக்கத்தில் கோயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைத்தால் பூசைக்குப் போவதாகவும், கிடைக்காவிட்டால் தனியாகச் செபமாலை சொல்வதாகவும் சொன்னார்.

"ஒருத்தரே சொன்னா செபமால சீக்கிரமா முடிஞ்சிருதுங்க அக்கா. ஒருத்தரு பாதி சொல்லி நிறுத்துனா மறுபாதியச் சொல்ல இன்னொரு ஆளில்ல பாருங்க, அதையும் நானே சொல்லிக்கறன்."

புது டைரக்டர் கேட்டு வரச் சொன்னதைச் சொன்னேன். திரும்ப வந்தால் அதே அசிஸ்டென்ட் வேலை, சம்பளமும் கொஞ்சம் கூட்டித் தருவார்களாம். டீம் நன்றாக இருக்கிறதாம்.

"வரலீங்க அக்கா" என்றார். யோசிக்கவில்லை.

"இங்க பேச்சுத்தொணைக்குக்கூட ஆளில்லயே சாமி."

"இல்லதான். ராத்திரில ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்குது." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஆனா அங்க வந்தா மறுபடியும் குனிஞ்சிருவன்."

பஸ் வரைக்கும் வந்தார். பஸ் இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது. விளையாட்டு நேரம். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புழுதி மைதானத்தின் நடுவில் நின்று விசில் ஊதினார். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. அவர் மறுபடியும் ஊதினார்.